பட்சணம் சார்

என் அக்கா யூனிஸைக் கட்டிய சில்வெஸ்டர் மாமா யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிட்டதில்லை. கன்டோன்மென்ட்டை ஒட்டிய மர்பி டவுனில் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டிலும் அவர் பெயர் வைக்காத ஆள் கிடையாது. மாதா கோயில் மணியடிக்கும் மைக்கேல்ராஜ் எப்போதும் பிந்தி அடிப்பதால் அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று பெயர். வீட்டில் அதிகாரம் செய்யும் அக்கா 'சுபேதார்'. வாய் ஓயாமல் பேசும் நான் 'மைனா'. அப்பா அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். என் வகுப்புப் பிள்ளைகள்கூட என்னைப் பின்னால் மைனா டீச்சர் என்றுதான் சொன்னார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

மாமா பாலம் கட்டும் பட்டாளத்தில் ஹவில்தார். பதினெட்டு வயதில் சேர்ந்தவர். யுத்தம் வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு. பாரக்ஸ் பக்கத்திலேயே இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவார். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் பட்டாளத்துக் கதைதான்.

புதிதாக வரும் சின்ன அதிகாரியின் தோளில் ஒரே ஒரு நட்சத்திரம் இருக்கும். சிப்பாய்கள் அதைப் பூ என்பார்கள். அதனால் புதியவர்கள் எல்லாருக்கும் பொதுப் பெயர் 'ஒத்தப்பூ'. ஒரு மாதம் அவர் நடை, பேச்சு, பழக்கம் எல்லாம் பார்த்த பிறகு தனிப் பெயர் விழும். வைக்கிறவர் பெரும்பாலும் மாமாதான். நெட்டையான மேஜர் 'கொக்கு'. சதா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார லெப்டினென்ட் 'ஜலதோஷம்'. அந்த ஜலதோஷத்துக்குத் தன் பெயர் தெரிந்துபோய், கிறிஸ்துமஸ் அன்று ஆட்களுக்கு முன்னால் வேண்டுமென்றே பெரிதாகத் தும்மிக் காட்டிவிட்டுப் போனாராம்.

அக்காவுக்கு மட்டும் இது பிடிக்காது. "ஆபீசருங்கள இப்படிப் பேசுறது மரியாதையாவா இருக்குது?" என்று கேட்பாள்.

"பேரு வெக்காத ஆபீசருதான் பாவம், சுபேதார். ஆளுங்க அவர சேத்துக்கலன்னு அர்த்தம்" என்பார் மாமா.

நாற்பத்திரண்டாம் வருஷக் கடைசியில் வெங்கடகிருஷ்ணன் என்று ஒரு புது அதிகாரி அவர் கம்பெனிக்கு வந்தார். இருபத்திரண்டு வயது. மல்லேஸ்வரத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. எஞ்சினியரிங் பாஸ் பண்ணிய கையோடு பட்டாளத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். அப்பா தேசிகன் மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை பட்டாளத்துக்குப் போவதை வீட்டில் யாரும் விரும்பவில்லை. அதைவிடப் பெரிய கவலை சாப்பாடு. அதிகாரிகள் மெஸ்ஸில் கறியில்லாமல் ஒன்றும் கிடையாது. அவர் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் தின்று நாளைத் தள்ளினார்.

அதனால் அவர் அம்மா அலர்மேல்மங்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பிஸ்கட் டின் நிறையத் தட்டையும் தேன்குழலும் போட்டு அனுப்புவார். பக்கத்து வீட்டு ஸ்ரீகண்டன் கன்டோன்மென்ட்டில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. பஸ்ஸில் வரும்போது டின்னைக் கொண்டுவந்து பட்டாளத்து வாசலில் காவல் நிற்பவனிடம் கொடுத்துவிட்டுப் போவார். காவல்காரன் கையில் வந்தது என்றால் கம்பெனி முழுக்கத் தெரிந்தது என்று அர்த்தம்.

ஒரு நாள் ஏரியில் மிதவைப் பாலம் போடும் பயிற்சி. காலையிலிருந்து மழை. மத்தியானச் சாப்பாடு கொண்டுவர வேண்டிய வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். புது அதிகாரி கரைக்குப் போய்த் தன் மழைக்கோட்டுக்குள்ளிருந்து அந்த டின்னை எடுத்தார். திரும்பவும் தண்ணீரில் இறங்கி வரிசையாக ஒவ்வொருவர் வாயிலும் அவரே ஒரு தட்டையைத் திணித்தார். எல்லார் கையிலும் கயிறு இருந்தது, அதனால்தான். நாற்பது பேருக்குப் பற்றவில்லை. கடைசி ஆட்களுக்குப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்று சாயங்காலம் பாரக்ஸில் துணி பிழிந்துகொண்டே மாமா சொன்னார்: "நம்ம பட்சணம் சாரு தேவலப்பா."

அவ்வளவுதான். பெயர் நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வந்து இதைச் சொன்னபோது மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அக்காகூடச் சிரித்துவிட்டாள். அந்தப் பெயரில் அவமரியாதை இருப்பதாக அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பெயர் பாரக்ஸோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மெஸ்ஸில் பரிமாறுகிற ஓஸ்வால்ட் எங்கள் ஆள்தான், பக்கத்துத் தெரு. அங்கே கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கேப்டன், புது இந்திய அதிகாரியை ஆட்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவனிடம் கேட்டார். அவனும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டான். அர்த்தம் கேட்டார். அம்மா செய்து அனுப்புகிற தின்பண்டம் என்று அர்த்தமும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு மெஸ்ஸில் மத்தியான விருந்து. விருந்தாளிகளும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் கறி வந்தது. வெங்கடகிருஷ்ணனுக்கு மட்டும் மூடி போட்ட பெரிய வெள்ளித் தட்டு ஒன்று வந்தது. மூடியைத் திறந்தால் நடுவில் ஒற்றைத் தேன்குழல், அதைச் சுற்றி, சாப்பிடும்போது குழந்தை கழுத்தில் கட்டுகிற மாதிரி ஒரு துணி. கேப்டன் எழுந்து நின்று "பச்சனம்" என்று கிளாஸைத் தூக்கினார். மேஜை முழுக்கச் சிரித்தது. வெங்கடகிருஷ்ணன் எழுந்து, அனுமதி கேட்டு, வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் சாமான் ஷெட்டுக்கு மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். அங்கே நடந்ததை மாமா வார்த்தை மாறாமல் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், பல தடவை.

"ஹவில்தார், ஆட்கள் எனக்கு ஒரு பேர் வச்சிருக்காளாமே. என்ன அது?"

"பட்சணம், சார்."

"யார் வச்சது?"

"நாந்தான் சார்."

"ஏன்?"

"எல்லா ஆபீசருக்கும் வெக்கிறதுதான் சார். தப்பா ஒண்ணும் இல்ல. மேஜர் சாருக்குக்கூட இருக்குது."

"அவருக்கு என்ன?"

"கொக்கு, சார்."

அவர் சிரிக்கவில்லை. "கொக்குன்னா உயரம். பட்சணம்னா? அம்மா மடியை விட்டு இன்னும் இறங்காத பிள்ளைன்னுதானே?"

மாமா இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று ஏரியில் நடந்ததைச் சொல்லி, அதனால் வைத்த பெயர் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் டின் வரும்போதெல்லாம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்தது. தானும் சிரித்ததுண்டு.

"பாதி அதுவும் இருக்குது சார்" என்றார்.

வெங்கடகிருஷ்ணன் கம்பெனி சுபேதாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமாவின் கைப்பட்டை போயிருக்கும். அவர் சொல்லவில்லை.

"மரியாதைக் குறைவா நெனச்சி வெக்கல சார்" என்றார் மாமா.

"தெரியும். ஆனா நீங்க சொன்னது உங்க வாயோட நிக்கலையே, ஹவில்தார். அங்கே போய் வேற அர்த்தம் ஆயிடுத்து. நான் தினமும் அந்த மேஜையிலதானே உக்காரணும்."

அந்தச் சனிக்கிழமை டின் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. இனி அனுப்ப வேண்டாம் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டாராம். காரணம் எழுதவில்லை. மல்லேஸ்வரத்துக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் பஸ்ஸில் அரை மணிதான். அவர் லீவில் வீட்டுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார்.

மாமா ஆட்களைக் கூட்டி வைத்து, அந்தப் பெயரை இனி எவன் வாயிலாவது கேட்டால் தொலைத்துவிடுவேன் என்றார். ஆட்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் வேறு பெயர் எதுவும் அவருக்கு விழவில்லை. லெப்டினென்ட் சார் என்றார்கள், சல்யூட் அடித்தார்கள். முறைப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஏரியில் தட்டை வாங்கித் தின்ற அதே ஆட்கள் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். மெஸ்ஸில் மட்டும் அந்தக் கேப்டன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பத்து மூன்று ஆகஸ்டில் கம்பெனி மணிப்பூர்ப் பக்கம் போயிற்று. கேப்டன் வேறெங்கோ மாற்றலாகிப் போனார். அங்கே மழையும் மலேரியாவும் ஜப்பான்காரனும் சேர்ந்து மூன்றே மாதத்தில் ஆட்களில் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மாமா சொல்வார். வெங்கடகிருஷ்ணன் படுக்கவே இல்லை. வெள்ளத்தில் அடித்துப்போன பாலத்துக்குக் கயிறு கட்ட, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அவரே நீந்திப் போனார், இரண்டு தடவை. ஆட்கள் வாயில் மெல்ல மெல்ல 'நம்ம சாரு' என்று வர ஆரம்பித்தது.

ஏப்ரல் மாதம் ஒரு பகல். மூன்று நாளாக ரேஷன் வரவில்லை. பதுங்கு குழிக்குள் மாமாவும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்துப் பாதியை மாமாவிடம் நீட்டினார்.

"ஹவில்தார், நீங்க வச்ச அந்தப் பேரு" என்று ஆரம்பித்தார். அப்புறம், "இப்பக் கூப்பிட்டா ஒண்ணும் தோணாதுபோல இருக்கு" என்றார்.

மாமா வாயைத் திறந்தார். அந்தப் பெயர் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஆட்களை அதட்டி அடக்கி வைத்த பெயர், தன் வாயிலும் அடங்கிப் போயிருந்தது. "தேங்க்ஸ் சார்" என்று பிஸ்கட்டை வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில் பாலத்தின் நடு இணைப்பை வெங்கடகிருஷ்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. தூக்கப் போன மாமாவுக்கு இரண்டாவது குண்டில் இடது முழங்கால் போயிற்று. லெப்டினென்ட் அங்கேயே முடிந்துவிட்டார்.

மாமா ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, கட்டையூன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் முதலில் கேட்டது மல்லேஸ்வரத்துக்கு எந்த பஸ் என்று. தனியாக அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. நாற்பத்தைந்து ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நான் கூடப் போனேன். ஏறும்போது கண்டக்டர் "பேக பன்னி, பேக பன்னி" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினான். மாமாவின் காலைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கை கொடுத்தான்.

தேசிகன் வராந்தாவில் நாற்காலி போட்டு எங்களை உட்காரவைத்தார். நெற்றியில் நாமம், தோளில் ஒரு அங்கவஸ்திரம். நிமிர்ந்த உடம்பு. அலர்மேல்மங்கை அம்மாள் வாசற்படிக்கு உள்ளேயே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை எப்படிப் போனான், வலித்ததா, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்றெல்லாம் தேசிகன்தான் கேட்டார். மாமா சொன்னார். எல்லாம் கேட்டு முடிந்த பிறகு அந்த அம்மாள் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு கேக்கணும் உங்களை. திடீர்னு ஒரு நாள் இனிமே ஒண்ணும் அனுப்பாதேன்னு எழுதிட்டான். நான் பண்றது பிடிக்கலையா, கெட்டுப் போயிடுத்தா, ஒண்ணும் சொல்லலை. ரெண்டு வருஷமா யோசிச்சுண்டிருக்கேன். உங்களுக்குத் தெரியுமா?"

நான் மாமாவின் முழங்கையைத் தொட்டேன். தெரியாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். ஏரி, மழை, வாயில் ஊட்டிய தட்டை, தான் வைத்த பெயர், மெஸ்ஸில் வெள்ளித் தட்டு, எதையும் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். குற்றம் தன்னுடையது, தன்னைத் திட்டிவிடுவார்கள், அதோடு மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த அம்மாள் அவரைத் திட்டவில்லை.

"அப்போ நான் அனுப்பினதாலதான் குழந்தையை எல்லாரும் கேலி பண்ணினாளா?" என்றார்.

"இல்லம்மா. உங்க மேல இன்னா தப்பு? நான் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா..."

"நான்தான் அனுப்பினேன். சனிக்கிழமை தவறாம அனுப்பினேன்." அதையே இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் நிலையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தேசிகன் எழுந்து நின்றார். "இந்தக் காலோட வந்தேள். அதுக்கு நமஸ்காரம். இனிமே வரவேண்டாம்" என்றார்.

பஸ் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. "தெரியாதுன்னு ஒரு பொய் சொன்னா இன்னா மாமா? பழிய அந்தம்மா தலையில ஏத்தி வெச்சிட்டு வரீங்களே" என்றேன்.

"கேட்டாங்களே, ஜோசஃபின்" என்றார்.

அவர் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அதற்கப்புறம் நான் மைனா இல்லை. அக்கா யூனிஸ் ஆனாள். மணியடிக்கிறவர் மைக்கேல்ராஜ் ஆனார். தெருவில் ஒவ்வொருவரையும் ஞானஸ்நானப் பெயர் சொல்லித்தான் அழைத்தார். மைக்கேல்ராஜ் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவிடம், "என் மேல இன்னா கோவம் அவருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா பாரக்ஸ் பக்கமிருந்து யாராவது வந்தால் பட்டாளத்துப் பேச்சு வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். ஒரு மில் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களை எண்ணி உள்ளே விடுகிற வேலை அவருக்குக் கிடைத்தது. போவார், வருவார். சிரிப்பு அடியோடு நின்றுவிட்டது. ஓஸ்வால்ட் ஒரு தடவை வந்து அழுதான். மாமா அவன் முதுகைத் தட்டி அனுப்பினார்.

நாற்பத்தாறு பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் மூடிய கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையும் குடையுமாகத் தேசிகன் நின்றுகொண்டிருந்தார். மர்பி டவுனில் அப்படி ஒருவர் எங்கள் வரிசையைத் தேடி வந்து நான் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன.

உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வருஷத்துக்குள் உடம்பு பாதியாகியிருந்தது. அக்கா ஏதாவது கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சமையலறையிலேயே நின்றாள்.

"அவ போயிட்டா, மார்கழியில" என்றார்.

மாமா கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஏதோ சொல்ல வந்தார்.

"உக்காருங்கோ. அதுக்காக வரலை." தேசிகன் குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். "நீங்க வச்ச பேர் எனக்கு இன்னிக்கும் பிடிக்கலை. ஆபீசரா போன ஒருத்தனுக்கு அப்படிப் பேர் வைக்கிறது மரியாதை இல்லைன்னுதான் நினைக்கிறேன். நீங்க என்ன மனசோட வச்சாலும் சரி. அதைச் சொல்லிடறேன்."

"நீங்க சொல்றது சரிதான் சார்" என்றார் மாமா.

"சரியோ தப்போ. அவ கடைசி மாசத்துல மழையில நாப்பது பேருக்கு ஊட்டினானாமேன்னு அதையே சொல்லிண்டிருந்தா. எனக்கு அந்த மாதிரி ஒண்ணும் தெரியாது. அவனோட நான் சரியாப் பேசினதே இல்லை. பட்டாளத்துக்குப் போறேன்னான், போகாதேன்னேன், அவ்வளவுதான். அவன் வேலை பண்றதைப் பார்த்தவர், எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான் இருக்கேள். எஞ்சினியரா அவன் எப்படி?"

மாமா என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் இருந்தால் எடுத்துவரச் சொன்னார். முழங்கால் மடங்காததால் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டு சிமெண்ட்டுத் தரையில் ஆற்றை வரைந்தார், இரண்டு கரைகளை வரைந்தார். மழைக்கு முன்னால் தண்ணீர் எங்கே, மழைக்கு அப்புறம் எங்கே என்று கோடு போட்டார். தேசிகன் நாற்காலியிலிருந்து குனிந்து பார்த்தார்.

"அகலம் எத்தனை அடி?"

"எழுபத்தஞ்சு சார். தண்ணி ஏறினா நூத்திப்பத்து."

"நடுவில தாங்கல் கிடையாதா?"

"அதத்தான் சார் எல்லாரும் கேட்டாங்க. உங்க புள்ள வேணாம்னாரு. நடுவுல தூண் வெச்சா மரம் அடிச்சிக்கினு வந்து மோதும்னு சொல்லி, இப்படி ரெண்டு பக்கமும் மேல தூக்கிக் கட்டினாரு. மொத பாலம் போயிடுச்சு. இது போகல. என்னத் தூக்கிக்கினு வர்றப்பக்கூட லாரி போயிக்கினு இருந்திச்சு."

"நிஜமாவே இன்னும் இருக்கா?"

"இருக்குது சார். அவரு விழுந்த அன்னிக்கும் நின்னுச்சு. அப்பறம் வந்த ஆளுங்களும் அதத் தொடல."

தேசிகன் நாற்காலியை விட்டு இறங்கினார். தலைப்பாகையோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொடாமல் காட்டிக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார். மாமா சொல்லிக்கொண்டே போனார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இடையில் அக்கா துணிந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு, மறுபடி படத்துக்குத் திரும்பினார்.

போகும்போது வருகிறேன் என்று சொல்லவில்லை. மாமாவின் தோளில் ஒரு கணம் கையை வைத்தார். எழுந்திருப்பதற்குப் பிடித்துக்கொண்டாரா, வேறெதற்காவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம், முன்பு டின் கொண்டுவந்த ஸ்ரீகண்டன் ஒரு கார்டு போட்டார், தேசிகன் காலமாகிவிட்டார் என்று.

தேசிகன் வந்துபோன அன்று சாயங்காலம் வீட்டைக் கூட்ட வந்த அக்கா, அந்தப் படம் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக் கூட்டினாள். மாமா பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஈரத்துணி கேட்டு வாங்கி, காலை நீட்டி உட்கார்ந்து, தானே முழுக்கத் துடைத்தார்.

"எத்தினி பேர் நடக்கிற எடம். அவர் பாலத்து மேல யார் காலும் படவேணாம்" என்றார்.